தலைவர் வீட்டு வாசற்படிக் கல்

எங்கள் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும்போது, இடது கைப்பக்கம் ஒரு சாம்பல் நிறக் கல் மதிலோடு சாய்ந்து நிற்கும். அதன் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கும். கல்லறைக் கல் நடுவில் ஏன் தேய்ந்தது, இறந்தவர் அதைத் தலையணையாக வைத்திருந்தாரா என்று சுற்றுலா வருகிறவர்கள் கேட்கிறார்களாம். நான் ஓய்வு பெற்ற அடுத்த வாரம், என் இடத்துக்கு வந்த பெண் தொலைபேசி எடுத்தாள். வாசலில் ஒரு விளக்கப் பலகை வைக்கப்போவதாகவும், கல்லின் கதையை அரைப் பக்கத்தில் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டாள். ஜெர்மன் மொழியில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் நான் பாய்ந்த கதை இல்லை. ஏன் பாய்ந்தேன் என்பதை ஜெர்மனில் விளக்க இரண்டு பக்கம் வேண்டும். தமிழில் ஒரு வரி போதும்: எழுத்தை மிதிக்கக்கூடாது.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் அண்ணை குகனும் அகதி விண்ணப்பம் கொடுத்து, சுவிஸில் இன்டர்லாக்கன் நகருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த இந்தக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டிருந்தோம். மூடிப்போன ஒரு பாற்பண்ணையின் மேல்மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் பரமேசக்காவும் புருஷனும். ஆண்கள் இருவரும் விடியற்காலை பஸ் பிடித்து இன்டர்லாக்கனுக்கு இறங்கி, ஹோட்டல்களில் கோப்பை கழுவினார்கள்.

எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான்தான். அண்ணை பெயர் எழுதப் பழகியதோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவர். அப்பாவை நாங்கள் அப்பு என்போம்; அவர் கைநாட்டு. எழுத்து தெரியாத அப்புவுக்கு எழுத்தின்மேல் இருந்த மரியாதை எந்த வாத்தியாருக்கும் இருந்ததில்லை. தெருவில் கிடக்கும் எந்தக் கடதாசியையும் எடுத்துக் கண்ணில் ஒற்றி, வீட்டுக் கூரைக்குள் செருகிவைப்பார். எது தேவாரம், எது சவர்க்கார உறை என்று அவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாமே சரஸ்வதி. எங்கள் கூரையில் ஓலையைவிடச் சவர்க்கார உறை அதிகம். நான் அப்புவிடம் அடி வாங்கியது வாழ்க்கையில் ஒரே தடவை, பள்ளிக்கூடக் கொப்பியை மிதித்ததற்காக.

ஆகவே நான் கர்வம் பிடித்தவளாக வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. எட்டுப் பாடமும் சித்தியடைந்தவள் கோப்பை கழுவுவதா என்று சொல்லிக்கொண்டு மூன்று மாதம் அறையில் இருந்தேன். பிறகு கெமைன்ட என்று இங்கே சொல்லும் கிராம நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, தோட்ட வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். தோட்டம் என்றால் எனக்குத் தெரியும். அதுவும் நிர்வாகத்தின் தோட்டம். அன்று மாலையே அப்புவுக்குக் கடிதம் எழுதினேன்: “கிராம நிர்வாகத்தில் வேலை கிடைத்திருக்கிறது.” அதை யாரோ வாசித்துக் காட்ட, மகள் சுவிஸில் அரசாங்க உத்தியோகம் என்று அப்பு ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை போனபோதுதான் தோட்டத்தில் சிலுவைகள் நட்டிருப்பதைக் கண்டேன்.

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிணம் வாசல் படலை தாண்டியதும் பெண்களின் வேலை முடிந்துவிடும். நானோ காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணிவரை, ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும், சம்பளத்துடன் சுடலையில் நின்றேன். அண்ணைக்குச் சொல்லவில்லை. ஆனால் சாவுத் தீட்டோடு அடுப்படிக்குள் போகவும் மனம் வரவில்லை. வேலை விட்டு வந்ததும் தலையோடு தோய்வேன். மேல்மாடி முழுவதற்கும் சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். மூன்று வாரமாகப் பச்சைத் தண்ணீரில் குளித்த பரமேசக்கா ஒருநாள் குளியலறை வாசலில் மறித்தார்.

“என்ன பிள்ளை, நாள்தோறும் செத்தவீட்டுக்கோ போட்டு வாறாய்?”

பகிடிக்குத்தான் கேட்டார். நான் ஈரத் தலையோடு “ஓம் அக்கா” என்றுவிட்டேன்.

அன்று அண்ணை குதித்த குதிக்குக் கீழே பாற்பண்ணைச் சட்டிகள் ஆடியிருக்கும். குமர்ப்பிள்ளை சுடலையில் நிற்கிறது ஊரில் தெரிந்தால் யார் கட்டுவான் என்று கேட்டார். நாளைக்கே வேலையை விடு என்றார்.

“நீங்கள் கழுவுற கோப்பை அடுத்த நேரமே ஊத்தையாகுது அண்ணை,” என்றேன். “நான் கூட்டின இடம் நாலு நாளைக்கு அப்பிடியே கிடக்கும். அங்கை ஒருத்தரும் எழும்பி நடக்கிறேல்லை.”

பரமேசக்கா சிரித்ததில் அண்ணையின் கோபம் பாதி போனது. மீதி, நான் குளிர்தண்ணீரில் தோய்வதாக ஒத்துக்கொண்டதில் போனது.

என் மேலாளர் ஹெர் வீட்மருக்கு, அதாவது திரு வீட்மருக்கு, ஐம்பத்தைந்து வயது. நெட்டையானவர். உயிருள்ளவர்களோடு கதைப்பதை அவ்வளவாக விரும்பமாட்டார். வாயில் பற்றவைக்காத பைப் ஒன்று இருக்கும். வாயிலிருந்து எடுக்காமலே அதை அசைத்துத்தான் எனக்கு வேலை காட்டுவார். இறந்தவர்களோடு மட்டும் நன்றாகக் கதைப்பார். உயிருள்ள எல்லோரையும், என்னையும் கூட, “நீங்கள்” என்பார். இறந்தவர்களை “நீ” என்பார். “எர்ன்ஸ்ட், உன் பூக்கள் இந்த வருஷமும் பக்கத்து வீட்டுக்காரியின் நிலத்துக்குள் போகின்றன. உயிரோடு இருந்தபோதும் நீ இப்படித்தான்” என்று கண்டிப்பார்.

வேலை பழகிய இரண்டு வருஷத்தை இரண்டு வரியில் சொல்லலாம். சரளைக் கல்லை உள்ளிருந்து வாசலை நோக்கிப் பின்னால் நடந்தபடி வாரவேண்டும், நம் காலடி கடைசியில் மிஞ்சாதபடி. அடக்கம் நடக்கும்போது தள்ளுவண்டி வேலிக்குப் பின்னால் இருக்கவேண்டும், தோண்டிய மண்ணைப் பச்சைத் துணி மூடியிருக்கவேண்டும், கைக்கடிகாரம் சட்டைப்பைக்குள் இருக்கவேண்டும். அழுகிறவர்களின் முன் மணி பார்த்த ஒருவனை ஹெர் வீட்மர் அன்றே வீட்டுக்கு அனுப்பினாராம்.

கல்லறை அகற்றுவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும். இங்கே ஒருவருக்குக் கல்லறை நிரந்தரச் சொத்து அல்ல. இருபத்தைந்து வருஷம் முடிந்தால் இடத்தை விடவேண்டும். முதலில் உறவினர்களுக்குக் கடிதம் போகும். பிறகு கல்லறையில் ஒரு சிறிய தகடு குத்தி ஒரு வருஷம் காத்திருப்போம். உறவினர்கள் கேட்டால் கல்லை எடுத்துப்போகலாம். கேட்காத கல்லை கடப்பாறையால் நெம்பி, மர உருளைகளில் ஏற்றி, மதிலுக்குப் பின்னால் கொண்டுபோய் உடைத்துப் பாதைக்குப் போடுவோம். எரித்துச் சாம்பலைக் கடலில் கரைக்கும் சாதியில் பிறந்த எனக்கு இடம் காலியாவதில் கவலையில்லை. கல் உடைவதுதான் கவலை. அதில் எழுத்து இருந்தது.

முதல் தடவை ஹெர் வீட்மர் சம்மட்டியை நீட்டியபோது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கு அப்போது ஜெர்மன் போதாது. கல்லில் இருந்த எழுத்துகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் காட்டினேன். அவர் பைப்பைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மறுநாள் ஒரு பள்ளிக் கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்து தந்தார். அன்றுமுதல் முறை இப்படி ஆனது: உடைக்கும் முன் கல்லில் உள்ளதை எழுத்து எழுத்தாக நான் கொப்பியில் இறக்கிவிடவேண்டும். எழுத்து கொப்பிக்குப் போனபின் மிஞ்சுவது வெறும் கல். அதை அவர் உடைப்பார்.

பழைய கல்லை வாசிக்க அவர் ஒரு வழி காட்டினார். மழை பெய்து ஓய்ந்த காலை நல்லது. மழை இல்லாவிட்டால் பூவாளியால் தண்ணீர் ஊற்று. சூரியன் தலைக்கு மேல் வருவதற்குள் பக்கவாட்டில் நின்று பார். பள்ளங்களில் நிழல் விழும், எழுத்து தானாக எழும்பும். கிராமத்துப் பிள்ளைகளுக்கே வாசிக்க வராத அந்தப் பழைய கோண எழுத்துதான் நான் முதலில் படித்த ஜெர்மன். அதனால் என் ஜெர்மன் முழுக்கக் கல்லறை ஜெர்மன். கடைக்காரி விடுமுறைக்குப் போகிறேன் என்று சொன்னபோது, “அமைதியில் இளைப்பாறுங்கள், உங்களை மறக்கமாட்டோம்” என்று வாழ்த்தி அனுப்பினேன்.

மூன்றாவது வருஷம் கிராமம் தன் பிறந்தநாளைக் கொண்டாட முடிவு செய்தது. ஐந்தாறு தலைமுறைக்கு முன் ஏழு குடும்பங்கள் மாடுகளோடு கணவாய் தாண்டி வந்து, காடு வெட்டி இங்கே குடியேறினவாம். முதல் குளிர்காலத்திலேயே நாலு பேர் போய்விட, வீடுகளுக்குக் கூரை போடுமுன் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் மதில் கட்டினார்களாம், மாடு மேயாமல் இருக்க. அப்படி வந்தவர்களின் தலைவன் உல்ரிக் லூத்தி. அவருடைய வழித்தோன்றல்தான் அப்போதைய கிராமத் தலைவர் ஹெர் லூத்தி. பருத்த, நல்ல மனிதர். ஆனால் தன் குடும்பம் இல்லாவிட்டால் மலையே இங்கே வந்திருக்காது என்று நம்புகிறவர். முன்னோரின் கல்லறையில் வாத்தியக் குழுவோடு மலர்வளையம் வைத்துப் பேசப்போவதாகப் பத்திரிகைக்கும் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் ஹெர் வீட்மரிடம் அந்தக் கல்லறை எங்கே என்று கேட்டார்.

இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கல்லும் தோட்டத்தில் இல்லை. அந்த விதியைக் கொண்டுவந்தவரே முன்னொரு காலத்தில் தலைவராக இருந்த ஹெர் லூத்தியின் பாட்டனார்தான். ஒரு கல்லாவது தேடு என்று உத்தரவு வந்தது. உறவினர்கள் எடுத்துப்போன கற்களைத் தேடி நானும் ஹெர் வீட்மரும் பூவாளியோடு வீடு வீடாகப் போனோம். கிராமமே தன் முன்னோர்மேல் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் மாட்டுத்தொழுவத்துத் தரையில், ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், ஒரு அம்மையார் சீஸ் அமத்தும் பாரமாக. பதினொரு கல் கண்டுபிடித்தோம். உல்ரிக் லூத்தி மட்டும் இல்லை.

இதே நேரத்தில்தான் எங்கள் அகதி வழக்கும் முடிவுக்கு வந்தது. வேலை செய்கிறாள், ஒழுங்காக நடக்கிறாள் என்று கிராமத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் கோப்பில் இருந்தால் நல்லது என்று எங்களுக்குப் பொறுப்பான உதவியாளர் சொன்னார். இங்கே ஒருவர் “நல்லது” என்றால், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டு என்று அர்த்தம். எனக்கும் அண்ணைக்கும் ஒரே கோப்பு. ஹெர் லூத்தி சனிக்கிழமை காலை கொப்பியோடு வீட்டுக்கு வரச் சொன்னார். கல் தேடலின் விவரம் கேட்டுவிட்டு, கடிதத்தையும் பார்க்கலாம் என்றார்.

அன்று இரவு மழை பெய்து விடிகாலையில் விட்டிருந்தது. நல்ல சேலை ஒன்றைக் கட்டி, அதன்மேல் கோட்டும் போட்டு, ஹெர் வீட்மருக்குப் பின்னால் போனேன். ஹெர் லூத்தி கதவைத் திறந்து கையை நீட்டியபடி நின்றார். ஹெர் வீட்மர் படியில் ஏறி உள்ளே போனார். நான் வலது காலைத் தூக்கினேன்.

காலைச் சூரியன் பக்கவாட்டில் அடித்தது. படி ஈரமாக இருந்தது. பூவாளியும் நேரமும் பார்த்து நாங்கள் செய்யும் வேலையை வானம் செய்து முடித்து வைத்திருந்தது. என் காலுக்குக் கீழே, தேய்ந்த படியின் இரண்டு ஓரத்திலும், கோண எழுத்துகள் எழும்பி நின்றன.

தூக்கிய காலை வைக்க முடியவில்லை, இறக்கவும் நேரமில்லை. பாய்ந்தேன். சேலை தடுக்கியதில் நினைத்ததைவிடத் தூரம் போய், தலைவரின் வீட்டுச் செருப்பின்மேல், செருப்புக்குள் அவர் கால் இருக்கும்போது, இறங்கினேன்.

அவர் வலியை விழுங்கிக்கொண்டு, உங்கள் நாட்டில் வீட்டுக்குள் வருவது இப்படித்தானா என்று கேட்டார். உங்கள் முன்னோரின் கல்லறைக் கல்லைப் படியாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கடிதம் வாங்கப்போன இடத்தில் சொல்லலாமா? “ஓம்” என்றேன். அழகான வழக்கம் என்றார்.

உள்ளே கோப்பியும் அப்பிள் கேக்கும் வந்தன. தலைவரின் மனைவி ஃப்ராவ் லூத்தி எனக்கு இரண்டாவது துண்டும் வைத்தார். என் கொப்பியைப் புரட்டிய தலைவரின் முகம் மலர்ந்தது. கடிதம் தட்டச்சு செய்து மேசையில் கிடந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் முத்திரை குத்திக் கையெழுத்திடுவேன் என்றார். எனக்குக் கேக் இறங்கவில்லை. எழுத்து முழுவதையும் நான் வாசித்து முடிக்கவில்லை. ஆனால் “உல்ரிக்” என்பதை வாசித்துவிட்டேன்.

பிறகு அவர் எழுந்து, எல்லோருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அந்தப் பதினொரு கல்லையும் பார்ப்போம் என்றார். கதவடியில் வந்ததும் நின்றார். விருந்தாளியின் வழக்கத்தை மதிக்கவேண்டும், நானும் பாய்ந்தே போகிறேன் என்றார். நான் பகிடி என்று நினைத்தேன். அவர் நடையில் நாலு அடி பின்னால் போனார். கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். அறுபது வயது, நூறு கிலோ, புதிதாக முழங்கால் சிகிச்சை செய்தவர். என் ஒரு பொய்யை நம்பிக் கைகளை முன்னும் பின்னும் வீசத் தொடங்கினார். ஹெர் வீட்மர் பைப்பை வாயிலிருந்து எடுத்ததை அன்றுதான் கண்டேன்.

நான் குறுக்கே போய்க் கதவை மறித்தேன். பயத்தில் படித்த ஜெர்மன் எல்லாம் பறந்துவிட்டது. பிழையில்லாமல் எனக்கு வரக்கூடிய ஒரே வாக்கியம் மிஞ்சியது. படியைக் காட்டி அதைச் சொன்னேன்:

“இங்கே இளைப்பாறுகிறார் உல்ரிக் லூத்தி.”

ஹெர் வீட்மர் படியைத் தாண்டி வெளியே போய், முழங்காலிட்டு, பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். நான் உள்பக்கம் குந்தி, விரல் வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தேன். பெயரின் நடுப்பகுதியைத் தலைமுறைகளின் சப்பாத்துகள் தின்றிருந்தன; “கணவாய் தாண்டி வந்தவன்” என்ற வரி மட்டும் அப்படியே இருந்தது. தலைவரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. நான் கடிதத்தை நினைத்தேன். பிறகு அண்ணையை நினைத்தேன்.

முதலில் வாய் திறந்தவர் ஃப்ராவ் லூத்திதான். “முப்பது வருஷமா ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறன்,” என்றார். “உங்கட குடும்பத்திலேயே ஒழுங்காக் குளிச்ச ஆம்பிளை இவர் ஒருத்தர்தான்.”

ஹெர் வீட்மர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, சட்டப்படி பிழையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். தவணை முடிந்தது, உறவினர் கல்லை எடுத்துப்போனார், விதி அப்படித்தான் சொல்கிறது.

தலைவர் பாயவும் முடியாமல், இனி மிதிக்கவும் முடியாமல் சொந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் திரும்பி, சமையலறை வழியாக, மாட்டுத்தொழுவத்துக்குள்ளால் வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம். ஏழு மாடுகளும் திரும்பிப் பார்த்தன. வெளியே வந்ததும், தோட்டத்துக்கு இன்னொரு நாள் போகலாம் என்று சொல்லி அவர் உள்ளே திரும்பிவிட்டார், மறுபடியும் தொழுவத்துக்குள்ளால்.

அண்ணை அன்று சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கட்டிலில் இருந்துகொண்டு கேட்டார்: “ஒரு காலை வைச்சு எடுத்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும்? இன்டர்லாக்கன் றோட்டிலை சாக்கடைக் குழி மூடி எல்லாத்திலையும் எழுத்திருக்கு. அதுக்கும் பாயுறனியோ?”

“பாயுறேல்லை. சுத்திப் போறனான்,” என்றேன்.

“அப்ப சரி. கொழும்பு எயார்போட்டிலையும் சுத்திப் போ. அங்கைதான் அனுப்பப் போறாங்கள்.”

ஞாயிற்றுக்கிழமை முழுதும் பரமேசக்கா எனக்காகச் சுடுதண்ணீரை விட்டுக்கொடுத்தார். அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று விளங்கியது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். ஹெர் லூத்தி மேசைக்குப் பின்னால் இருந்தார். சனிக்கிழமை நான் பார்த்த கடிதத்தை என் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து இன்னொரு கடிதத்தை எடுத்தார். பழையது நாலு வரி. இது ஒரு பக்கம். அதை எனக்கு வாசித்துக்காட்டவும் செய்தார். “வேலை செய்கிறாள், ஒழுங்காக நடக்கிறாள்” என்பதற்குப் பிறகு இப்படி இருந்தது: இவர் இந்தக் கிராமத்தின் கல்லறைத் தோட்ட வரலாற்றுக்குப் பொறுப்பான அலுவலர், வேறு எவராலும் வாசிக்க முடியாத எங்கள் முன்னோரின் எழுத்துகளை வாசிக்கக்கூடியவர், இவர் போய்விட்டால் எங்கள் முன்னோரை எங்களுக்கு அடையாளம் காட்ட ஆளில்லை.

வாசித்து முடித்து, கையெழுத்திட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார். பிறகு, வீட்டில் வேறெங்காவது எழுத்து இருந்தால் விழாவுக்கு முன்னரே சொல்லிவிடு என்றார்.

விழாவில் அவர் ஆற்றிய உரை பத்திரிகையில் வந்தது. எங்கள் குடும்பம் முன்னோரைத் தூரத்தில் புதைத்து மறக்கவில்லை, தலைமுறை தலைமுறையாக வாசலிலேயே வைத்து, நாளும் அவரைச் சந்தித்தே வெளியே போனோம் என்று பேசினார். நல்ல கைதட்டல். ஃப்ராவ் லூத்தி என் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பழைய படிக் கல் தோட்டத்து மதிலடிக்குத் திரும்பி, அவர்கள் வீட்டுக்குப் புதிய படி போட்ட அன்று என்னைக் கூப்பிட்டனுப்பி, பதிக்கும் முன் கல்லின் ஆறு பக்கத்தையும் பார்க்கச் சொன்னார்கள். ஹெர் வீட்மர் இதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. ஆனால் தபாலகத்துக்கு முன்னால் இருக்கும் குழி மூடியை அவர் சுற்றிக்கொண்டு போவதை, அவர் ஓய்வு பெறும்வரை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கோப்புக்கு நல்ல முடிவு வந்தது. அண்ணை பிறகு பாடன் நகரில் வீடு வாங்கினார். அவர் வீட்டு வாசலில் “நல்வரவு” என்று எழுதிய கால்மிதி ஒன்று கிடக்கிறது. இன்றும் நான் போனால் முதலில் அதைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் எனக்குக் கதவைத் திறப்பார்.

தலைவரின் கடிதத்தைப் பிரதி எடுத்து அப்புவுக்கு அனுப்பினேன். அதை அப்பு வாத்தியார் வீட்டுக்குக் கொண்டுபோனாராம். வாத்தியாருக்கு ஜெர்மன் தெரியாது. ஆனாலும் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது பெரிய அரசாங்கக் கடதாசி என்று சொன்னாராம். அது தனக்கு முதலே தெரியும் என்று அப்பு சொல்லி, கண்ணில் ஒற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து கூரையில் செருகினார், சவர்க்கார உறைகளுக்குப் பக்கத்தில்.